நாய்க்குப் போட்ட கித்தாச் செருப்பு

எனக்கு எண்பத்தாறு வயது ஆகிறது. நான் வளர்த்தது ஏழு பிள்ளைகள், ஒன்பது நாய்கள், பதினான்கு பூனைகள், ஒரு மாமியார். பிள்ளைகள் ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் வயதாகித்தான் போனார்கள். நான் சரியாகப் பார்க்காமல் போனார்கள் என்று ஒருத்தரும் வாய் திறந்து சொல்ல முடியாது.

தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குள் தம்பி பிறந்துவிட்டான். தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். அதனால் என் எழுத்து பெரிது பெரிதாக இருக்கும். ஒரு பக்கத்தில் ஒன்பது வரிதான் கொள்ளும். இருக்கட்டும். நோட்டுப் புத்தகம் என்னுடையது, கை என்னுடையது, அவசரமும் இல்லை.

எழுத வைத்தவள் என் பேத்தி. அவளுடைய நாய்க்குப் பதின்மூன்று வயது. காது மந்தம், பின்னங்கால் தளர்ச்சி, தரையில் நடந்தால் வழுக்குகிறது. போன மாதம் கிளினிக்குக் கொண்டு போனாள். வரும்போது கையில் ஒரு சின்னப் பெட்டி. திறந்து காட்டினாள். உள்ளே நாலு ரப்பர் உறை.

"பாட்டி, இது நாய்க்குப் போடுற செருப்பு. புதுசா வந்திருக்கு. நீங்க இதெல்லாம் பாத்திருக்கவே மாட்டீங்க லா."

நான் அந்த உறையை வாங்கி மோந்து பார்த்தேன். கித்தா வாசம், ரப்பர் பாலின் அதே வாசம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜப்பான்காரன் காலத்தில் லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், என் மடியில் வைத்து, இதைவிட நல்ல செருப்பு நான் ஒரு நாய்க்குப் போட்டிருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று. வீட்டுக்காரர் பால் மரம் வெட்டுகிறவர், கித்தா மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. வெள்ளைக்காரன் ஓடிப்போன பிறகு பாலை வாங்க ஆளில்லாமல் முக்கால்வாசிக் காட்டில் வெட்டு நின்றுவிட்டது. கித்தா மரத்துக்கு நடுவிலும் குன்றுக்கு அந்தப் பக்கமும் மரவள்ளி நட்டோம். காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. அரிசியைக் கண்ணால் பார்த்தால் கும்பிடத் தோன்றும்.

எங்கள் வீட்டில் அப்போது மூன்று வயதானவர்கள் இருந்தார்கள். ஒருவர் என் மாமியார். இன்னொன்று நாய். நான் கலியாணமாகி வருவதற்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்ட நாய். என்னை முதல் நாள் மோந்து பார்த்து உள்ளே விட்டதே அதுதான். மூன்றாவது பூனை, மாமியாரின் செல்லம். மூன்று பேருக்கும் சேர்த்து வாயில் பதினொரு பல். மாமியாருக்கு ஐந்து, நாய்க்கு நாலு, பூனைக்கு இரண்டு. மூன்று பேருக்கும் ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மூன்று பேருக்கும் எழுந்திருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். பூனை மட்டும் சத்தம் போடாது.

பகலில் லயத்து அஞ்சடியில், அதாவது வரிசை வீட்டு வாசல் நடையில், வெயில் விழுகிற இடம் பார்த்து மூன்று பேரும் வரிசையாக இருப்பார்கள். மாமியார் பலகையில் கால் நீட்டி உட்காருவார். அவர் காலடியில் நாய். நாயின் இடுப்பின்மேல் பூனை. அந்தப் பூனையின் சூட்டில்தான் நாய்க்கு இடுப்பு வலி குறைந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன்.

அந்த நாயின்மேல் எனக்கு ஏன் அவ்வளவு உயிர் என்றால், அதற்கு முந்தின வருஷம் என் வீட்டுக்காரரை ஜித்ரா பக்கம் மண் வேலைக்குக் கொண்டு போனார்கள். சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த நேரம். போனவர் வருவாரா என்று தெரியாது. மூன்று மாதம் அந்த நாய் வாசல்படியில் குறுக்கே படுத்தது. யார் வந்தாலும் தலையைத் தூக்கி, ஆளைப் பார்த்து, என்னைப் பார்த்து, நான் தலையாட்டினால்தான் வழி விடும். அவர் திரும்பி வந்த அன்று, அவரையும் அப்படித்தான் நிறுத்தி என்னைப் பார்த்தது. நான் அழுதுகொண்டே தலையாட்டினேன். அப்புறம்தான் வாலை ஆட்டியது. அந்த நாயை நான் எப்படி விடுவேன்?

விடச் சொல்லித்தான் ஆணை வந்தது. பட்டணத்திலிருந்து தோட்டம் பார்க்க வந்த ஒரு ஜப்பான்கார அதிகாரி, லயத்து வாசலில் நாய்கள் தூங்குவதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, கங்காணி சத்தமாகச் சொன்னார்.

"வேலை செய்யாத நாய் எதுவும் தோட்டத்துல இருக்கக் கூடாதாம். மரவள்ளிக் காட்டுல காட்டுப்பன்னி வருதுல்ல? அங்க நடந்து வந்து, குரைக்கிற நாய் இருக்கலாம். நடக்காத நாய், குரைக்காத நாய் எல்லாம் சாக்குலதான் போகும். அடுத்த வெள்ளிக்கிழமை நான் வீடு வீடா வருவேன்."

எங்கள் நாய் குரைத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. நடை என்றால் அடுப்படியிலிருந்து அஞ்சடிவரை. மரவள்ளிக் காட்டுக்குப் போகிற வழி முழுக்கச் சரளைக் கல். எனக்கு இருந்தது எட்டு நாள்.

முதலில் டிரஸ்ஸரிடம் போனேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர் அவர்தான். யாருக்கு வைத்தியம் என்று சொல்லாமல், "வயசான ஆளுங்கய்யா. காலெல்லாம் வெடிப்பு, இடுப்பு வலி, பல்லு இல்ல, சத்தமே வர மாட்டேங்குது" என்றேன்.

"மாமியாரா?"

"இல்லைங்கய்யா. மாமியாருக்குச் சத்தத்துல ஒரு குறையும் இல்ல."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நாயா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இங்க மனுசனுக்கே மருந்து இல்லம்மா. ஊதாப் பொடி ஒண்ணுதான் இருக்கு. சொறிக்கும் அதுதான், புண்ணுக்கும் அதுதான். தண்ணியில கரைச்சுக் காலைக் கழுவு. மத்தபடி உன் நாய்க்கு வந்திருக்கிறது வயசு. அதுக்கு வெள்ளைக்காரன்கிட்டயே மருந்து இருந்ததில்ல. நகத்தை வெட்டு, வெயில்ல போடு, எண்ணெய் தேய். கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை குடு. நடக்க முடியலைன்னு படுக்கப் போட்டுடாத. பத்தடி நடக்கட்டும், நாளைக்கு இருபதடி."

சொல்லிவிட்டு, ஒரு சிட்டிகை ஊதாப் பொடியைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நல்ல மனிதர். நான் அன்றிலிருந்து இன்றுவரை வளர்த்த எல்லா நாய் பூனைக்கும் அந்த வைத்தியம்தான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி நாய்க்கு ஒத்தடம் கொடுத்தேன். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி இடுப்பில் தேய்த்தேன். கருவாட்டுத் தலையை அம்மியில் மையாக அரைத்து, மரவள்ளிக் கஞ்சியில் கலந்து, நாய்க்கு ஐந்து வேளை, பூனைக்கு ஐந்து வேளை வைத்தேன். பலகையில் உட்கார்ந்திருந்த மாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டி, நானும் மூணு வருசமா இடுப்பு இடுப்புன்னு கத்துறேன். எனக்கு ஒத்தடம் குடுக்கணும்னு தோணுச்சா உனக்கு? நாய் ஒரு தடவையாவது வாயைத் தொறந்து கேட்டுச்சா?"

"வாங்க அத்தை, உங்களுக்கும் தேய்க்கிறேன்."

"நாய்க்குத் தேச்ச எண்ணெயையா? எனக்கா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "மூணு நாள் போகட்டும். அதுக்கு ஒண்ணும் ஆகலைன்னா எனக்கும் தேய்."

அன்றிலிருந்து அது ஒரு சட்டமாகிவிட்டது. எந்த மருந்தும் முதலில் நாய்க்கு. மூன்று நாள் கழித்து மாமியாருக்கு. காலையில் எழுந்ததும் அவர் நாயின் முகத்தைத்தான் பார்ப்பார். அது நன்றாகச் சோம்பல் முறித்தால், "ம், பரவால்ல, எண்ணெயைக் காய்ச்சு" என்பார்.

நகம் வெட்டுவதில்தான் சண்டை வந்தது. வயதான நாய்க்கும் பூனைக்கும் நகம் தேயாது. வளைந்து வளர்ந்து சதையில் குத்தும். பூனைக்கு ஒரு விரலில் அப்படித்தான் குத்தியிருந்தது. கத்தரிக்கோல் இல்லை. மாமியார் தூங்கும்போது அவருடைய சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து வேலையை முடித்தேன். கழுவி வைப்பதற்குள் விழித்துவிட்டார்.

"அடிப்பாவி! என் மாமியா எனக்குக் குடுத்த பாக்குவெட்டிடீ அது! அதுல நாய் நகமா?"

"நாய் நகம் மட்டும் இல்ல அத்தை, உங்க பூனை நகமும்தான்."

"பூனை நகம் பரவால்ல," என்றார். ஐந்தாவது நாள் தன் கால் கட்டைவிரலை என் முன்னால் நீட்டி, பாக்குவெட்டியையும் நீட்டினார். நான் வெட்டிவிட்டேன்.

இடுப்பு தேறியது. நாய் பைப்படிவரை நடந்தது. ஆனால் சரளைக் கல்லில் கால் வைத்ததும் நின்றுவிட்டது. உள்ளங்கால் முழுக்க வெடிப்பு. பாளம் பாளமாகப் பிளந்து ரத்தம் கசிந்தது. நாள் போய்க்கொண்டிருந்தது. நான் அஞ்சடியில் உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கையில் உளி பட்டு வெட்டினால், பால் மரம் வெட்டுகிறவர்கள் அந்தப் பாலையே காயத்தில் தடவிக் காயவிடுவார்கள். மேலே தோல் மாதிரி மூடிக்கொள்ளும். மறுநாள் அவர் ஒரு புட்டியில் பால் கொண்டு வந்து வைத்தார்.

"இந்தா, நாய்க் காலுல தடவிப் பாரேன்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

முதல் தடவை தவறு செய்தேன். காலை அப்படியே பாலில் முக்கிவிட்டேன். முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது நாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஏழு பிள்ளைகளில் ஒன்றும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. பிறகு புத்தி வந்தது. விரலிடுக்கு முடியைக் கத்தரித்தேன், பாக்குவெட்டியால்தான். ஊதாத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். பழைய வேட்டித் துணியை உள்ளங்காலின் அளவுக்குக் கிழித்துச் சுற்றி, துணிக்குமேல் மட்டும் பாலைத் தடவினேன். வெயிலில் காய்ந்ததும் இன்னொரு பூச்சு, அதற்குமேல் இன்னொன்று. நாலு காலுக்கும் நாலு செருப்பு. கழற்றலாம், மாட்டலாம். பேத்தி வாங்கி வந்தாளே, அதில் இந்த வசதி இருந்தாலும் துணி இல்லை. உள்ளே வேர்க்கும்.

முதல் நாள் நாய் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறியது. சாணியை மிதித்தவன் நடக்கிற மாதிரி நடந்தது. இரண்டாம் நாள் சரளையில் இறங்கியது. மூன்றாம் நாள் குன்றின் பாதிவரை போய் வந்தது. லயத்துச் சனம் எல்லாம் வேடிக்கை பார்த்தது. அந்த வருஷம் எங்கள் லயத்தில் காலில் செருப்பு போட்டிருந்தது அந்த நாய் ஒன்றுதான்.

மாமியார் தினமும் தன் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் குதிகாலில் பித்தவெடிப்பு, காசு செருகலாம். நான் அதைக் கவனித்தேன். ஆனால் மூன்று நாள் கணக்கை மறந்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. கங்காணி சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார். செருப்புக்குக் கடைசியாக ஒரு பூச்சு பூசலாம் என்று வீட்டுக்காரர் வெட்டு முடிந்து புதுப் பால் கொஞ்சம் அதிகமாகவே கொண்டு வந்து பேசினில் ஊற்றி வைத்துவிட்டு, மரவள்ளிக் காட்டுக்குப் போய்விட்டார். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி அலசப் பைப்படிக்குப் போனேன். துணி பிழியும்போது பார்க்கிறேன், கங்காணி எங்கள் வீட்டுப் பக்கம் போகிறார். சாயங்காலம் வரவேண்டியவர் உச்சி வெயிலிலேயே வந்துவிட்டார். பின்னால் கயிறும் சாக்குமாக ஓர் ஆள். நான் ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அஞ்சடியில் மூன்று பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல மாமியார் பலகையில், அவர் காலின்மேல் நாய், நாயின்மேல் பூனை. பேசின் காலி. மாமியாரின் இரண்டு காலும் கணுக்கால்வரை வெள்ளையாக இருந்தன. துணி சுற்றாமல், நான் முதல் தடவை செய்த அதே தவறு. காய வைக்கக் காலை வெயிலில் நீட்டியிருக்கிறார். காய்வதற்குள் நாய் தன் வழக்கமான இடத்தில் வந்து படுத்துவிட்டது. எல்லாம் ஒன்றாக ஒட்டிக் காய்ந்துவிட்டது.

"ஆத்தா, எந்திரி. நாயைப் பாக்கணும்," என்றார் கங்காணி.

மாமியார் கண் விழித்தார். எழப் பார்த்தார். முடியவில்லை. காலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நொடியில் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"எந்திரிக்க மாட்டேன். இங்க இருந்தே பாரு."

"மரவள்ளிக் காடு வரைக்கும் அது நடக்கணும்."

"அது நடக்கும். நான் நடக்க மாட்டேன்."

"உன்னை யாரு நடக்கச் சொன்னா?" என்று கங்காணி அலுத்துக்கொண்டு, ஆளைப் பார்த்துக் கையைக் காட்டினார். அந்த ஆள் நாயின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்தான்.

நாய் ஓரடி நகர்ந்தது. நாயோடு மாமியாரின் கால் நகர்ந்தது. காலோடு மாமியார் பலகையிலிருந்து வழுக்கிக் கீழே வந்தார். பூனை குதித்து ஓடப் பார்த்தது. வழிந்த பாலில் அதன் வயிற்று முடியும் நாயின் பக்கவாட்டில் ஒட்டியிருந்ததால் அங்கேயே தொங்கிக்கொண்டு கத்தியது.

"ஐயோ, காலு! என் காலு! கொல்றானே!"

அந்தச் சத்தத்தில் நாய் குரைத்தது. ஏழெட்டு மாதமாக உள்ளே அடக்கி வைத்திருந்த குரைப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. கயிறு பிடித்தவன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓட, லயத்துப் பெண்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

"பாருங்கடி, கங்காணி கெழவியைக் கயிறு கட்டி இழுக்கிறாரு!" என்று பக்கத்து வீட்டு அக்கா கத்தினார்.

"நான் நாயைத்தான் இழுத்தேன்!" என்றார் கங்காணி. முகம் செத்துவிட்டது.

"இழு, இழு," என்றார் மாமியார் தரையில் கிடந்தபடியே. "நாங்க மூணு பேரும் சேந்துதான் வருவோம். பெரிய சாக்கா கொண்டு வந்தியா? டேய், கப்பல்ல வரும்போது உனக்கு நாலு வயசு. ஏழு நாளும் என் மடியிலதான வாந்தி எடுத்த? அன்னைக்கு உன்னைச் சாக்குல போட்டனா நானு?"

பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். கங்காணி குனிந்து நாயின் காலைப் பார்த்தார்.

"இது என்ன காலுல?"

"செருப்பு," என்றேன் நான். "அது நடக்கும் கங்காணி. குன்று வரைக்கும் போயிருக்கு. குரைச்சதையும் நீங்களே கேட்டீங்க. விட்டுடுங்க."

அவர் நாயின் செருப்பையும் தன் வெறுங்காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் குதிகாலிலும் வெடிப்பு இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்.

"மேல கேட்டா என்ன சொல்றது? இது என்ன வேலை செய்யுதுன்னு?"

"மருந்து தின்னு பாக்குற வேலை," என்றார் மாமியார். "எனக்குக் குடுக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி அதுதான் தின்னு பாக்கும். இதைக் கொண்டு போனா அந்த வேலைக்கு நீ வர்றியா? நாளைக்கு வேப்பெண்ணெய். விடியறதுக்குள்ள வந்துடு."

கங்காணி சிரிக்கக் கூடாது என்று வாயை இறுக்கிக்கொண்டார். முடியவில்லை. "குரைக்குது, நடக்குது. போதும்," என்று சாக்கை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். இரண்டடி போனவர் திரும்பி வந்து, என் காதருகே மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பாலு... தடவினா எரியுமா?"

"துணி சுத்திக்கணும் கங்காணி," என்றேன்.

பிரிக்கிற வேலை பொழுது சாய்கிறவரை நடந்தது. மாமியாரே சுருக்குப் பையிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். முதலில் பூனை, பிறகு நாய், கடைசியில் அவர். கித்தாவை உரிக்கும்போது தோலும் கொஞ்சம் வந்தது. கத்துவார் என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மாமனார் போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. ஐந்து பல்லும் தெரிந்தது. பத்து நாள் அவரால் நடக்க முடியவில்லை. அந்தப் பத்து நாளும் நாய் செருப்பு போட்டுக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போய் வந்தது. பன்றி வந்ததா என்றால், அது எனக்குத் தெரியாது. நாய் போய் வந்தது.

ஜப்பான்காரன் போய், கடையில் அரிசி வந்த பிறகும் அது இரண்டு மாதம் இருந்தது. வெள்ளைச் சோறு குழைய வடித்து, கருவாடு போட்டுப் பிசைந்து ஐந்து வேளை கொடுத்தேன். ஒருநாள் மத்தியானம் வெயிலில் மாமியார் காலின்மேல் தலை வைத்துப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மாமியார் எந்த மருந்தும் தொடவில்லை. "யாரு தின்னு பாத்தா இதை?" என்று தட்டிவிடுவார். பூனை இடம் மாறி அவர் இடுப்பின்மேல் படுத்துக்கொண்டது. இன்னும் மூன்று வருஷம் இரண்டு பேரும் நன்றாகவே இருந்தார்கள்.

இவ்வளவுதான். நோட்டில் இருபத்தேழு பக்கம் ஆகியிருக்கிறது. கண் கூசுகிறது.

ஏம்மா, இங்க வா. அந்தப் போனைக் கீழ வை. இதை முதல்லேருந்து படிச்சுக் காட்டு. எழுத்து ஏதாவது விட்டுப்போயிருந்தா நீயா திருத்தாத, என்னைக் கேளு. அத்தை சிரிச்சதை எழுதினேனான்னு பாரு. சத்தமா படி லா. உன் நாயும் கேக்கட்டும், பாவம், அதுக்குக் காது மந்தம்.